ஒரு பாகத்தை மாற்றினால் சுற்றே மாறும்
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"ரிப்பேருக்கு விடறதுக்கு முன்னாடி சுமாராவாவது ஓடிச்சு. புது சாமான் போட்டதுக்கு அப்புறம்தான் மக்கர் பண்ணுது!" இந்தப் பேச்சைக் கேட்காத ஒர்க்‌ஷாப் நம் ஊரில் உண்டா? மோட்டார் சைக்கிள், பம்ப்செட், தையல் மெஷின், விசைத்தறி என்று எதை எடுத்தாலும் இந்தப் புகார் வரும். நம்மில் பலர் என்ன செய்வோம்? "புது பார்ட்ஸே டூப்ளிகேட்டா இருக்கும்" என்று ஒரு பக்கம் பழி போடுவோம். இல்லையென்றால் "ஓட்டறவருக்கு ஓட்டத் தெரியலை" என்று இன்னொரு பக்கம் போடுவோம். இரண்டுமே இல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதை விளக்க நான் எடுத்துக்கொண்ட இயந்திரம் தானியங்கித் துப்பாக்கி. "நமக்கும் துப்பாக்கிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நாம் படிக்கும் கேம், ஸ்பிரிங், வாயு அழுத்தம், உந்தம், உலோகத் தேய்மானம் எல்லாமே ஒரு முழ நீளத்துக்குள் அதில் அடங்கியிருக்கின்றன. பாகத்தை மாற்றியதால் சுற்று கெட்டுப்போன கதை ஒன்று, விசாரணை வரை போய், உலகம் முழுவதும் தெரிந்த பாடமாக நிற்கிறது. அதுதான் அமெரிக்காவின் எம்-16 துப்பாக்கியின் கதை. (நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே கூடாது. நாம் இங்கே தொடப்போவது பாடத்தை மட்டும்தான்!)

சுற்று என்றால் என்ன?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்று நாலு வேலை நடக்கிறது. தானியங்கித் துப்பாக்கியில் ஒரு தோட்டாவுக்கு எட்டு வேலை நடக்கிறது.

1. வெடித்தல்: ஊசி தோட்டாவின் அடியில் குத்துகிறது. வெடிமருந்து எரிந்து குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது.
2. பூட்டுத் திறத்தல்: குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் சற்றே திரும்பி, பூட்டுப் பற்களிலிருந்து விடுபடுகிறது.
3. உருவுதல்: எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி வெற்றுக்கூட்டை அறையிலிருந்து பின்னுக்கு இழுக்கிறது.
4. எறிதல்: எஜெக்டர் அந்தக் கூட்டை வெளியே தள்ளுகிறது.
5. சுத்தியல் மடங்குதல்: பின்னால் போகும் கேரியர், சுத்தியலை அடுத்த அடிக்குத் தயாராக மடக்கி வைக்கிறது.
6. ஊட்டுதல்: மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்குகிறது. முன்னால் வரும் போல்ட் அதைப் பிடிக்கிறது.
7. நுழைத்தல்: தோட்டா அறைக்குள் போகிறது.
8. பூட்டுதல்: போல்ட் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? எம்-16-ல் குழலின் முன்பக்கம் ஒரு சிறு துளை இருக்கிறது. குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும், பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் அதன் வழியாக ஒரு மெல்லிய குழாய்க்குள் புகுந்து, பின்னோக்கி ஓடிவந்து கேரியரைத் தள்ளுகிறது. கேரியர் பின்னால் போகிறது. போல்ட் திறக்கிறது. கடைசியில் பஃபர் என்ற தாங்கியும் பெரிய ஸ்பிரிங்கும் அதைத் தடுத்து நிறுத்தி முன்னால் திருப்பி அனுப்புகின்றன. அவ்வளவுதான் சூட்சுமம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எட்டு வேலைக்கும் தனித்தனி மோட்டார் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தள்ளுதான். அந்தத் தள்ளு கூடினாலும் குறைந்தாலும் எட்டு வேலையும் சேர்ந்தே பாதிக்கப்படும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சம்பளம் நின்றால் எல்லார் தட்டிலும் சோறு குறையுமே, அந்த மாதிரி!

ஒரு சின்னக் கணக்கு

நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? 60 ÷ 750 = 0.08 வினாடி. அதாவது 80 மில்லி வினாடி. இதுவே நிமிடத்துக்கு 1000 சுற்று ஆனால் 60 ÷ 1000 = 0.06 வினாடி. 20 மில்லி வினாடி குறைந்து போச்சு! கண் சிமிட்டுவதற்கே இதைவிட அதிக நேரம் ஆகும். ஆனால் மேகசின் ஸ்பிரிங்குக்கு அது கால் பங்கு நேரம். எட்டு மணி நேர வேலையை ஆறு மணி நேரத்தில் முடி என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது கணக்கு. இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகத்தின் வர்க்கம். கேரியரின் வேகம் 20 சதவீதம் கூடினால் ஆற்றல் 20 சதவீதம் கூடாது. 1.2 × 1.2 = 1.44. ஆக 44 சதவீதம் கூடும். கொக்கி, பஃபர், பின் எல்லாம் அந்த 44 சதவீதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். தேர்வில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதிவிட்டுப் போகும் சூத்திரம் இது. இந்தக் கதையில் அது எத்தனையோ உயிர்களோடு விளையாடியிருக்கிறது.

மாற்றியது துப்பாக்கியை அல்ல, தீனியை!

யூஜீன் ஸ்டோனர் என்ற பொறியாளர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏ.ஆர்-15 தான் பின்னாளில் எம்-16 ஆனது. 1959-ல் கோல்ட் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. 1963-ன் இறுதியில் அமெரிக்க ராணுவமும் விமானப்படையும் பெரிய அளவில் அதற்கு ஆர்டர் கொடுத்தன. ஸ்டோனர் வடிவமைத்தபோது பயன்பட்ட வெடிமருந்து ஐ.எம்.ஆர். 4475 என்ற டூபாண்ட் நிறுவனத் தயாரிப்பு. சின்னச் சின்னக் குச்சித் துண்டு மாதிரி இருக்கும். துளையின் அளவு, ஸ்பிரிங்கின் பலம், பஃபரின் எடை எல்லாமே அந்த மருந்தை மனதில் வைத்து அமைந்தவை.

ராணுவம் குண்டு வினாடிக்கு 3250 அடி வேகத்தில் போக வேண்டும் என்றும், அறை அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. பெருமளவு உற்பத்தியில் அந்த மருந்து இரண்டு நிபந்தனைகளையும் ஒன்றாகச் சமாளிக்க முடியாமல் திணறியது. எனவே 1964-ல் வேறு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் அதிகமாகப் புழக்கத்துக்கு வந்தது ஓலின் நிறுவனத்தின் டபிள்யூ.சி. 846 என்ற உருண்டை மருந்து. கடுகு மாதிரி உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர்.

புது மருந்து மோசமானதா? இல்லை. கேட்ட வேகத்தைக் கொடுத்தது, அறை அழுத்தமும் எல்லைக்குள் நின்றது. காகிதத்தில் எல்லாம் சரி! ஆனால் அது எரிகிற விதம் வேறு. குண்டு வாயுத் துளையைத் தாண்டும் நேரத்தில் அங்கே இருந்த அழுத்தம் பழைய மருந்தைவிட அதிகம். அந்தத் துளை அழுத்தத்துக்கு யாரும் தகுந்த கவனம் கொடுக்கவில்லை. விளைவு, கேரியருக்குக் கிடைத்த தள்ளு கூடியது. நிமிடத்துக்கு 700, 800 என்று இருந்த வேகம் 850-ஐத் தாண்டி, சில துப்பாக்கிகளில் 1000-ஐ நெருங்கியது.

வேகமாகச் சுட்டால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் நம் தெர்மல் பாடம் உதவுகிறது. எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று ஒரு டைமிங் இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் மிச்சம் இருக்கும்போதே ரொம்ப முன்னாடி திறந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். தோட்டா வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விடுபடும். விடுபட்ட பிறகு உருவினால் வழுக்கிக்கொண்டு வரும். கேரியர் வேகமெடுத்ததால் போல்ட் சீக்கிரம் திறந்தது. கூடு இன்னும் சுவரைக் கெட்டியாகப் பிடித்திருக்கும்போதே கொக்கி இழுத்தது. கொக்கி வழுக்கியது, அல்லது கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது. கூடு உள்ளேயே தங்கிவிட்டது. பின்னாடி வந்த தோட்டா அதில் மோதி நின்றது.

இதோடு இன்னும் மூன்று விஷயங்கள் சேர்ந்தன. ஒன்று, அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. வியட்நாமின் மழையிலும் புழுக்கத்திலும் அறைச் சுவர் துருப்பிடித்துக் குழி விழுந்தது. குழிக்குள் பித்தளை விரிந்தால் சும்மா விடுமா? இதே ராணுவம் இதற்கு முந்தைய எம்-14 துப்பாக்கிக்குக் குரோம் பூசியிருந்தது என்பதுதான் வேடிக்கை. இரண்டு, உருண்டை மருந்தில் அமிலத்தை முறிக்கச் சேர்த்த கால்சியம் கார்பனேட், வாயுக் குழாயில் படிந்து அடைத்தது. மூன்று, துப்பாக்கிக்குத் துடைப்பே தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் சாமான்களும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

ஓட்டறவன் சரியில்லை!

போர்முனையில் துப்பாக்கி அடைத்துக்கொண்டால் என்ன செய்ய முடியும்? முன்வாய் வழியாகத் துடைப்புக் கம்பியை விட்டு, மாட்டிக்கொண்ட கூட்டைக் குத்தித் தள்ள வேண்டும். எதிரே சுட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டும்! எல்லாரிடமும் அந்தக் கம்பியும் இல்லை. அதைச் செய்தவர்களில் பலர் நம் வயதுக்காரர்கள், பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன்கள்.

1967 வசந்த காலத்தில் மரைன் படையினருக்கு எம்-14-ஐ வாங்கிக்கொண்டு எம்-16 கொடுத்தார்கள். உடனே கே சான் மலைகளில் கடும் சண்டை. அந்த மே மாதத்தில், ஒரு மரைன் வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய்ப் படிக்கப்பட்டது. செத்துக் கிடந்தவர்கள் பலருக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிரித்துப் போட்டபடி கிடந்தது, சரி செய்யப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்திருக்கிறார்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

மேலே இருந்தவர்கள் முதலில் சொன்ன பதில் என்ன தெரியுமா? "வீரர்கள் சரியாகத் துடைப்பதில்லை!" துடைக்காததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் துடைக்கச் சாமான் கொடுக்காமல், துடைக்கத் தேவையில்லை என்ற பேச்சையும் பரவவிட்டு, கடைசியில் துடைக்கவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

சோதனையில் ஒன்று, களத்தில் ஒன்று

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இது. டிப்ளமோ முடித்து நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் உட்காரப் போகும் நண்பர்கள் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வெளியே போகும் துப்பாக்கி ஏற்புச் சோதனையில் தேற வேண்டும். அதில் சுற்று வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உருண்டை மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பல துப்பாக்கிகள் அந்த வரம்பைத் தாண்டின. தயாரிப்பாளர் இதை மறைக்கவில்லை, ராணுவத்திடம் சொன்னார். அதற்குக் கிடைத்த தீர்வு: சோதனைக்குக் குச்சி மருந்துத் தோட்டாவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி! துப்பாக்கி தேறியது. சான்றிதழ் கிடைத்தது. பெட்டியில் அடைத்து வியட்நாமுக்குப் போனது. அங்கே அதற்குப் போட்டது பெரும்பாலும் உருண்டை மருந்துத் தோட்டா.

அளவு எடுத்ததில் பொய் இல்லை. ரிப்போர்ட்டில் எழுதிய எண்ணும் உண்மை. கையெழுத்துப் போட்டவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் சோதித்த இயந்திரமும் சண்டைக்குப் போன இயந்திரமும் ஒன்றல்ல. துப்பாக்கி ஒன்று, தோட்டா வேறு, ஆகவே சுற்றும் வேறு.

ரிச்சர்ட் இகார்ட் தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்து, 1967 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. மருந்து மாறியதே கோளாறுகளுக்கு முக்கியக் காரணம் என்றது. தெரிந்த பிறகும் திருத்த நடவடிக்கை எடுக்காத அதிகாரிகளின் போக்கு, குற்றமாகும் அளவுக்கு நெருங்கிய அலட்சியம் என்ற பொருளில் கடுமையாகச் சொன்னது.

எப்படிச் சரி செய்தார்கள்?

மருந்தை மாற்றியாகிவிட்டது. அப்படியானால் அந்த மருந்துக்கு ஏற்றபடி மற்றதை மாற்ற வேண்டும். முதலில் பஃபர். பழைய பஃபர் இலேசானது. அதற்குப் பதிலாக எடை கூடிய புதுப் பஃபர் 1966-ன் இறுதியிலிருந்து வந்தது. கணக்கைப் பாருங்கள்: தள்ளு அதேதான் என்றால், நகரும் நிறை 10 சதவீதம் கூடும்போது வேகம் சுமார் 9 சதவீதம் குறையும். சுற்று நிதானமாகும். போல்ட் திறப்பதும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

புதுப் பஃபரில் இன்னொரு நுட்பமும் உண்டு. உள்ளே சின்னச் சின்ன எஃகு எடைகள் நகரும்படி வைத்திருக்கிறார்கள். ஏன்? கேரியர் வேகமாக முன்னால் வந்து மோதும்போது பந்து மாதிரி இலேசாகப் பின்னால் எகிறும். அந்த நேரம் பார்த்துச் சுத்தியல் விழுந்தால் அடி வலுவாகப் படாது, தோட்டா வெடிக்காது. உள்ளே நகரும் எடைகள் ஒரு கணம் பிந்தி வந்து முட்டுவதால் அந்த எகிறல் அடங்கிவிடுகிறது.

இந்த எகிறலைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏனென்றால் இதை நான் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன். எங்க அப்பா விசைத்தறி ஓட்டறவர். எங்க குடும்பத்துல பத்தாவதைத் தாண்டினது நான்தான் முதல் ஆள். ஒரு தறிக்கூடத்தில் அப்பா வேலை பார்த்தபோது, இரண்டு தறிக்குப் பிக்கரை மாற்றினார்கள். நாடாவை அடித்து விடுகிற பாகம்தான் பிக்கர். பழையது தேய்ந்து மெத்தென்று இருந்தது. புதுசு கெட்டி. ஆனால் பழைய பிக்கருக்கு வைத்த இழுவையை அப்படியே விட்டுவிட்டார்கள். நாடா வேகமாகப் போய்ப் பெட்டிக்குள் மோதி, அரை அங்குலம் பின்னால் எகிறி நின்றது. பிக்கருக்கும் நாடாவுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டதால் அடுத்த அடி சரியாகப் படவில்லை. நாடா பாவுக்கு நடுவில் பாதியில் நின்றது. நூல் கொத்தாக அறுந்தது. இரண்டு வாரம் கூலியில் பிடித்தம்! "தறியைப் பாத்து ஓட்டத் தெரியலை"ன்னு பேச்சு வேற. அப்பா சொன்னது ஒண்ணுதான்: "அடி கூடிப் போச்சுங்க, கொஞ்சம் இழுவையைக் குறைச்சுப் பாருங்க." கடைசியில் அதைத்தான் செய்தார்கள், தறி ஓடியது. பிடித்த கூலி மட்டும் திரும்பி வரவில்லை.

உந்தம், மீட்சி என்ற வார்த்தைகள் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் சுற்றில் எங்கே நேரம் தப்புகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பார். நமக்கு வார்த்தை தெரியும். காது இருக்கிறதா?

எம்-16 கதைக்கு வருவோம். 1967-ல் அறைக்குக் குரோம் பூசத் தொடங்கினார்கள். பின்னர் குழல் முழுவதற்கும் பூசினார்கள். மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவைக் குறைத்தார்கள். துடைப்புச் சாமான்கள் போய்ச் சேர்ந்தன. வீரர்களுக்குப் புரியும்படி வில் ஐஸ்னர் என்ற ஓவியரை வைத்துப் படக்கதைப் புத்தகம் போட்டுப் பராமரிப்பு சொல்லிக் கொடுத்தார்கள். கோளாறுகள் வெகுவாகக் குறைந்தன. அந்தத் துப்பாக்கியின் வழிவந்தவை இன்றுவரை உலகின் பல படைகளில் இருக்கின்றன. ஆக வடிவமைப்பு ஒன்றும் உதவாததாக இருக்கவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த உதாரணம்

இன்னொரு நாட்டையும் பார்த்துவிடுவோம். பிரிட்டன் 1985-ல் எல்-85 என்ற துப்பாக்கியைப் படைக்குக் கொடுத்தது. வருடக்கணக்கில் புகார்கள். ஒரு கோளாறு சுவையானது: வெளியே எறியப்பட்ட வெற்றுக்கூடு, கூடவே நகரும் கைப்பிடியில் பட்டுத் திரும்பித் துப்பாக்கிக்குள்ளேயே விழுந்து அடைத்தது! எஜெக்டரில் குற்றம் இல்லை, கைப்பிடியிலும் குற்றம் இல்லை. இரண்டும் சந்திக்கும் நேரத்தில்தான் குற்றம்.

2000-க்குப் பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் சுமார் 2 லட்சம் துப்பாக்கிகளை எடுத்துத் திருத்தியது. செலவு சுமார் 9 கோடியே 20 லட்சம் பவுண்டு. போல்ட், எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங்குகள், சுத்தியல், மேகசின் என்று சுற்றில் பங்குபெறும் பாகங்களை ஒரே தொகுப்பாகப் பார்த்து மாற்றினார்கள். கைப்பிடியின் வடிவத்தையே வளைத்து, மோதும் கூடு வெளிப்பக்கமாகத் தெறிக்கும்படி செய்தார்கள். திருத்திய துப்பாக்கிக்கு நல்ல பெயர் கிடைத்தது. பாகத்தை மாற்றுவது தப்பில்லை நண்பர்களே. சுற்றை மறந்துவிட்டு மாற்றுவதுதான் தப்பு.

எங்கே நின்றது என்று கேள்!

பாகம் மாற்றிய பிறகு சுற்று தடைப்பட்டால், எதைக் கழற்றலாம் என்று ஸ்பேனரை எடுப்பதற்கு முன், "எட்டில் எத்தனாவது வேலையில் நின்றது?" என்று கேட்க வேண்டும். துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்களின் முறை இதுதான். கீழே சுருக்கமாகத் தருகிறேன்.

வெற்றுக்கூடு அறையிலேயே நின்றுவிட்டதா? மூன்றாவது வேலை தவறியது. அறையில் அழுக்கா, துருவா? கொக்கி தேய்ந்திருக்கிறதா, அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? இவை சரி என்றால், போல்ட் சீக்கிரம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கூடு அறையை விட்டு வந்து வாசலில் மாட்டிக்கொண்டதா? நான்காவது வேலை. எஜெக்டரையும் கேரியரின் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

கூடு வெளியே போய்விட்டது, ஆனால் புதுத் தோட்டா வரவில்லையா? இதுதான் ஏமாற்றுகிற கோளாறு. நேர் எதிரான இரண்டு காரணங்கள் ஒரே முகத்தைக் காட்டும். தள்ளு குறைந்ததால் கேரியர் முழுத் தூரம் பின்னால் போகாமல் பாதியில் திரும்பியிருக்கலாம். வாயு கசிவு, அதிக எடைப் பஃபர், அதிக பலமுள்ள ஸ்பிரிங் எல்லாம் இதைச் செய்யும். அல்லது தள்ளு கூடிப்போய், மேகசின் தோட்டாவைத் தூக்குவதற்குள் போல்ட் அதைத் தாண்டி முன்னால் வந்திருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? காலி மேகசினோடு போல்ட் பின்னால் நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. நின்றால் முழுத் தூரம் போயிருக்கிறது என்று அர்த்தம். நிற்காவிட்டால் பாதியில் திரும்புகிறது என்ற சந்தேகம் வலுக்கும். இது தெரியாமல் "ஸ்பிரிங் வீக்" என்று சொல்லி இன்னும் கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டால், பாதி தூரம் போனது கால் தூரம்தான் போகும்!

சுத்தியல் அடித்தும் வெடிக்கவில்லையா? எட்டாவது வேலை. போல்ட் முழுதாகப் பூட்டியதா, கேரியர் எகிறுகிறதா, ஊசி சரியா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

நமக்கான விதிகள்

துப்பாக்கியை விட்டுவிடுங்கள். நம் கைக்கு வரப்போகும் பம்ப்செட்டுக்கும் தறிக்கும் பிரஸ்ஸுக்கும் பாட்டில் நிரப்பும் மெஷினுக்கும் இதே விதிகள்தான்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்று. மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் என்று தெரியாது, கெட்டாலும் எதனால் என்று தெரியாது. சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றால், ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று சோதித்த தொகுப்பாக மாற்று.

கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாதே. எடை, நீளம், கெட்டித்தன்மை மூன்றையும் புதியதோடு ஒப்பிட்டுக் குறித்து வை. திரும்பிப் போக வழி வேண்டும்.

பாகம் என்பது இரும்பு மட்டுமல்ல. எண்ணெய், டீசல், நூல், மருந்து என்று உள்ளே போகும் தீனியும் ஒரு பாகம்தான். தீனி மாறினாலும் பாகம் மாறியதாகவே எடுத்துக்கொள்.

எதைப் போட்டு ஓட்டப் போகிறார்களோ அதையே போட்டுச் சோதனை செய். தேற வைப்பதற்காகச் சோதனையை மாற்றாதே. மாற்றச் சொன்னால், எதைப் போட்டுச் சோதித்தோம் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடு.

ஓட்டுபவரைக் குறை சொல்வதற்கு முன் ஓட்டுபவரைக் கேள். சத்தம் எப்போ மாறிச்சு, எதை மாத்தினதுக்கு அப்புறம் மாறிச்சு என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வது சூத்திரமாக இருக்காது. "அடி கூடிப் போச்சு" என்பார். அதைச் சூத்திரமாக மாற்றுவதற்குத்தான் அரசாங்கம் நமக்கு லேபும் லைப்ரரியும் கட்டிக் கொடுத்து மூன்று வருஷம் படிக்க வைக்கிறது.

இந்த ஆண்டு நம் வகுப்பிலிருந்து பலர் அப்ரண்டிஸாகப் போகிறோம். முதல் நாளே யாராவது ஒருவர் நம்மிடம் வந்து, "தம்பி, புது சாமான் போட்டதுல இருந்து இது சரியா ஓடலை" என்று சொல்லத்தான் போகிறார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்று, இயந்திரத்தை மெதுவாகக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் இடிக்கிறது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.